டிக்கிக்குள் இருந்த ஞாயிறு

தையல்காரி வீட்டுக்கு ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. தெருவில் மற்ற எல்லா வீட்டுக்கும் அது முறையாக வந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாருக்குக் கிழமை ஏழும் ஞாயிறுதான், அவர் வீட்டுக்கே தவறாமல் வந்தது. இந்த வீட்டில் மட்டும் சனிக்கிழமை விளக்கணைத்துப் படுத்தால் எழுந்திருப்பது திங்கட்கிழமையாக இருந்தது. வாசலில் இரண்டு நாள் பால் பாக்கெட் கிடக்கும், ஒன்று திரிந்திருக்கும். சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் தையல்காரி இரண்டு தாளைச் சேர்த்துக் கிழிப்பாள். ஞாயிறன்று யாராவது போய்க் கதவைத் தட்டினால் உள்ளே தாழ் போட்டிருக்கும், ஆள் அரவம் இருக்காது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள் கட்டில் காலியாக இருந்ததாகச் சொன்னார்கள். முதல் மாதம் தெருவே கூடிப் பேசியது. இரண்டாம் மாதம் தண்ணீர்க் குழாய் உடைந்ததால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. ஏழு வருடத்தில் விட்டுப்போன ஞாயிறுகளைக் கூட்டினால் ஒரு வருடம் வருகிறது, அதனால் அந்தப் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஊரைவிட ஒரு வயது இளையவர்கள் என்று வாத்தியார் கணக்குப் போட்டுச் சொன்னார். தையல்காரி மற்ற எல்லாப் பேச்சையும் மறுத்தாள், இதை மட்டும் மறுக்கவில்லை.

ஞாயிறு எங்கே போனது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது சந்தில் நிற்கும் பழைய காரின் டிக்கிக்குள் இருந்தது. வட்ட முதுகும் உருண்டை விளக்குமாக, இப்போது யாரும் செய்யாத கார். தையல்காரியின் அப்பா முப்பது வருடம் அதை டாக்ஸியாக ஓட்டினார். கண்ணை மூடும் முன்னால் முன்பாதி மூத்தவளுக்கு, பின்பாதி இளையவளுக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். கூடவே இன்னொன்றையும் விட்டுப் போனார். அந்த டிக்கியை மெதுவாக மூடினால் பிடிக்காது. “ஓங்கிச் சாத்து, அப்பத்தான் பிடிக்கும்” என்பது அவர் வாக்கு. குடும்பமே அதை ஓங்கிச் சாத்தித்தான் பழகியது. சந்தில் அந்தச் சத்தம் கேட்டால் தூங்கும் குழந்தைகள் விழித்துக்கொள்ளும், பெரியவர்கள் மணி பார்த்துக்கொள்வார்கள்.

பின்பாதிக்குச் சொந்தக்காரியான தங்கை மலைமேல் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தாள். நுரையீரல் கோளாறு, வருடக்கணக்காகப் படுக்க வேண்டிய நோய். அங்கே பார்வையாளர்களை ஞாயிறு மட்டும், பத்து மணியிலிருந்து நாலு மணிவரை விடுவார்கள். தையல்காரியும் அவள் புருஷன் தபால்காரரும் நாலு வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் போனார்கள். ஏற நாலு மணி நேரம், இறங்க நாலு மணி நேரம். ஏழு வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிறு விடிகாலையிலும் கிளம்பினார்கள். டிக்கியில் பிளாஸ்க் நிறையத் தேநீர், ஒரு பை பன், ஆரஞ்சுப் பழம், தங்கைக்கென்று ஓரத்தை இரட்டையாக மடித்துத் தடித்த நூலில் அடித்த புதுப் படுக்கைவிரிப்பு. டிக்கியை ஓங்கிச் சாத்தியாயிற்று. பர்ஸ் உள்ளே போய்விட்டதே என்று திரும்பத் திறக்கப் பார்த்தால் சாவி சுற்றியது, கொக்கி அசையவில்லை. இழுத்தார்கள், தட்டினார்கள், சமையல் எண்ணெயை ஊற்றினார்கள். நிமிர்ந்து பார்த்தபோது சீருடை போட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. திங்கட்கிழமை காலை எட்டரை மணி. கூடிய கூட்டத்திடம் தபால்காரர், “நான்தான் கொஞ்சம் ஓங்கிச் சாத்திட்டேன்” என்றார். அன்றைக்கு அவருக்கு ‘ஓங்கிச்சாத்தி’ என்று விழுந்த பெயர், பிறகு தபால் கொண்டுபோகிற தெருவெல்லாம் அவருக்கு முன்னால் போய் நின்றது.

ஞாயிறு இல்லாமல் வாழ்வது ஒன்றும் முடியாத காரியம் இல்லை. தையல்காரிக்குத் தொழிலில் ஒரு சங்கடம்தான், “ஞாயித்துக்கிழமை கண்டிப்பா குடுத்துடறேன்” என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. தங்கையைப் பார்க்க முடியாததுதான் அவளைத் தின்றது. வேறு கிழமையில் விடச் சொல்லி ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு ஒன்பது கடிதம் எழுதினாள். ஒருவருக்கு விட்டால் ஊரே வந்து நிற்கும் என்று ஒன்பதுக்கும் ஒரே பதில். ஒருமுறை புருஷனும் பெண்டாட்டியும் சனிக்கிழமையே மலை ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பெஞ்சில் தூங்காமல் உட்கார்ந்துகொண்டார்கள். இமைக்காமல் இருப்பதாகத்தான் ஏற்பாடு. தபால்காரர் ஒரு தும்மல் போட்டார், திங்கட்கிழமை ஆகிவிட்டது. நேற்று முழுக்க அந்த பெஞ்சில் காக்காய்தான் உட்கார்ந்திருந்தது என்று வாசல் காவலாளி சத்தியம் செய்தார். அப்புறம் அக்காவுக்கும் தங்கைக்கும் கடிதம்தான் கதி. தங்கையின் கடிதத்தைத் தபால்காரரே தம் பையிலிருந்து எடுத்துத் தம் வீட்டு வாசலில் நின்று மணியடித்துக் கொடுப்பார். பணி என்று வந்தால் பணிதான்.

டிக்கியைத் திறக்க ஆள் வராமல் இல்லை. ஒருவர் கடப்பாரை கொண்டுவந்தார், கடப்பாரைதான் வளைந்தது. மூன்றாம் வருடம் ஒரு புதன்கிழமை வெல்டிங்காரர் வந்து மூடியில் துளை போட்டார். சுண்டுவிரல் நுழையாத துளைதான், ஆனால் அதன் வழியாக ஞாயிறு கசிந்துவிட்டது. சந்தில் இருந்த மளிகைக்கடை ஷட்டர் இறங்கியது. வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த குமாஸ்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். வெல்டிங்காரர் துளை போடும் கருவியைத் தலைக்கு வைத்துப் படுத்தேவிட்டார். தையல்காரியும் தபால்காரரும் மூன்று வருடத்துக்குப் பிறகு வாசற்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். இப்படியே விட்டால் தங்கைக்கு என்று இருக்கிற ஒரு ஞாயிறும் தெருவுக்குப் போய்விடுமே என்று தையல்காரிக்கு உறைத்தது. ஓடிப்போய்த் துணி சோப்பைப் பிசைந்து துளையை அடைத்தாள். ஷட்டர் ஏறியது, புதன்கிழமை தொடர்ந்தது. அதற்குப் பிறகு அந்தக் காரில் யாரையும் கை வைக்க அவள் விடவில்லை. தபால்காரர் மட்டும் சனிக்கிழமைதோறும் காரை ஸ்டார்ட் செய்து, சந்து முனைவரை ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏழாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரர் வாசலில் நின்று மணியடித்தார், கடிதத்தை நீட்டிவிட்டுப் போகாமல் நின்றார். தங்கை நாலே வரி எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். பிழைப்பேனா என்று டாக்டரைக் கேட்டேன், பார்க்கலாம் என்றார். அதற்கு முன்னால் உன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் ஊர் உலகத்துக்கே ஞாயிறு கிடையாது. தையல்காரி கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அடித்த தையலில் பாதி விட்டுவிட்டுத்தான் விழுந்தது.

அதனால்தான் புதன்கிழமை காலையில் மெஷின் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினாள். தையல் மெஷின் பழுது பார்க்கிற அம்மாள் அவர், ஐம்பது வயது, பருத்த உடம்பு, ஊசிமுனை மாதிரிக் கண். ஊரில் அவரை எல்லாரும் மெஷின் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த மெஷினையும் உடனே தொடமாட்டார். நின்றுபோகிறதுக்கு முன்னால் கடைசியாக என்ன தைத்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் திறப்பார். தையல்காரி கடைசியாகத் தைத்ததைச் சொல்ல ஆரம்பித்துக் கடிதத்தையும் சொன்னாள், கடிதத்தைச் சொல்லப்போய் டிக்கியையும் சொல்லிவிட்டாள். மெஷின் அக்கா எழுந்து சந்துக்குப் போய்க் காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“எப்படித் திறக்கிறதுன்னு என்னைக் கேக்காதீங்க. கடைசியா எப்படி மூடினீங்க, அதச் சொல்லுங்க.”

தபால்காரர் முன்னால் வந்து, “நான்தான் கொஞ்சம் ஓங்கி…” என்று ஏழு வருடப் பாடத்தை ஆரம்பித்தார்.

“அவர் இல்லக்கா. நான்தான்,” என்றாள் தையல்காரி.

அன்றைக்கு அவள் நாலு மணிக்கு எழுந்து தேநீர் போட்டாள். முந்தின நாள் முழுக்கத் தைத்த முதுகு வலித்தது. டிக்கியில் விரிப்பை வைத்துவிட்டு, எனக்கென்று ஒரு ஞாயிறாவது இருக்கக்கூடாதா என்று வாய்க்குள் முனகிக்கொண்டே, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து மூடியை அறைந்து சாத்தினாள். கேட்டது கிடைத்துவிட்டது. உடம்பு சரியில்லாத கூடப்பிறந்தவளைப் பார்க்கப் போகச் சலித்துக்கொண்ட பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று அவள் ஏழு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். இதைச் சொல்லி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தபால்காரர் கார் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ சொன்னது அன்னைக்கே என் காதுல விழுந்துச்சு. நான் ஸ்டியரிங்ல உக்காந்திருந்தேன்.”

“அப்புறம் ஏங்க பழிய உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?”

“வேற யாரு தலையில போடறது? நீயும் மனுஷிதானே. இடுப்பு ஒடியத் தைக்கிறவ.”

இவரை ஓங்கிச்சாத்தி என்று தெரு கூப்பிட்டபோதெல்லாம் தானும் சேர்ந்து சிரித்திருக்கிறோமே என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. இப்படி ஒரு ஆளைக் கொடுத்ததற்கு யாரிடம் போய் நன்றி சொல்வது என்று தெரியாமல் அவர் சட்டைப் பையில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளி எடுத்தாள். மெஷின் அக்கா இதையெல்லாம் பார்க்காத மாதிரி பையைத் திறந்தார். “தண்டனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஞாயிறு கேட்டீங்க, பத்திரமா உள்ள இருக்கு. வாங்க, கொக்கியப் பார்ப்போம்.”

பூட்டு வழியாகப் போகாமல் அவர் பின்சீட்டு வழியாகப் போனார். உட்காரும் மெத்தையைத் தூக்கினார், முதுகுப் பக்கத்தின் திருகாணிகளைக் கழற்றினார். அதற்குப் பின்னால் இருந்த அட்டையை ஒரு கை அகலத்துக்கு நகர்த்தினார். உள்ளிருந்து காலை வெயில் வந்தது. மெஷின் அக்காவுக்குக் கொட்டாவி வந்தது. கசியாமல் இருக்கச் சுற்றிலும் போர்வையைத் திணித்துவிட்டு, கண்ணாடித் துண்டையும் டார்ச்சையும் உள்ளே நீட்டிப் பார்த்தார். விஷயம் அவ்வளவுதான். படுக்கைவிரிப்பின் ஓரம் கொக்கிக்குள் போய்ச் சுருண்டு, ஆப்பு அடித்த மாதிரி இறுகியிருந்தது. துணி போனால் கொக்கி விட்டுவிடும். ஆனால் அவருடைய கை அந்த இடுக்கில் முழங்கைக்கு மேல் போகவில்லை. தையல்காரியின் மெலிந்த கையை ஒரு பார்வை பார்த்தார். “நீங்க அடிச்ச தையல்தானே. நீங்களே பிரிங்க.”

தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு தையல்காரி தோள்வரை கையை உள்ளே விட்டாள். ஞாயிறுக்குள் போன கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, சும்மா கிடக்க ஆசைப்பட்டது. அதட்டி வேலை வாங்க வேண்டியிருந்தது. கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் பார்க்க வேண்டும். இரட்டை மடிப்பு, தடித்த நூல், நெருக்கமான தையல். தைத்தவளைத் திட்டலாம் என்றால் தைத்தவளும் அவள்தான். ஒவ்வொரு தையலாக அறுத்தாள். பாதி அறுத்த பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இங்கே திறந்தால் இந்தச் சந்துக்குத்தான் ஞாயிறு. ஆஸ்பத்திரிக்கு அது என்றைக்கும் போல புதன்கிழமையாகத்தான் இருக்கும். மெஷின் அக்காவிடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். காரோடு அங்கேயே கொண்டுபோய்த் திறக்கலாம் என்று, ஒரே ஒரு தையலை மட்டும் மிச்சம் வைத்துக் கையை வெளியே எடுக்கச் சொன்னார்.

வியாழன் காலை மூவரும் புறப்பட்டார்கள். ஒற்றைத் தையலில் தொங்கும் ஞாயிறைப் பின்னால் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் கார் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று தபால்காரரைக் கேட்டால் இன்றைக்கும் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வார். பள்ளம் வந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினார். நாலு மணி நேரப் பாதைக்கு ஆறு மணி நேரம் ஆனது. காவலாளி கதவுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “இன்னைக்கு வியாழன்மா. ஞாயித்துக்கிழமை வாங்க” என்றார். “இதோ” என்று தையல்காரி பின்சீட்டில் முழங்கால் போட்டு ஏறி, கையை விட்டு, கடைசித் தையலை அறுத்தாள்.

டிக்கி தானாகத் திறந்துகொண்டது. சத்தமே இல்லை. காவலாளி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, கதவை அகலத் திறந்து, பதிவேட்டில் ஞாயிறு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். நிர்வாகி தம் அறையிலிருந்து வெளியே வந்தார், வானத்தைப் பார்த்தார், அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஞாயிறு அவருக்கு விடுமுறை. பிளாஸ்க்கைத் திறந்தால் தேநீரில் ஆவி பறந்தது. பன் மெத்தென்று இருந்தது, பர்ஸும் பழப் பையின் மேல் பத்திரமாக இருந்தது. படுக்கைவிரிப்பில் மட்டும் ஒரு ஓரம் பிரிந்திருந்தது.

தங்கை பாதியாக இளைத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு தேநீர் குடித்தார்கள். அக்கா அந்த ஞாயிறன்று தான் முனகியதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தாள். தங்கைக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது. “அக்கா, நீ வர்றேன்னா சனிக்கிழமை பூரா நான் இருமாம இருக்கப் பழகணும். தல சீவணும், மூஞ்சிய நல்லா இருக்கிற மாதிரி வச்சுக்கணும். நாலு வருஷம் அப்படி உக்காந்தேன். அந்த ஒரு வாரம் மட்டும் இவ வராம இருந்தா என்னன்னு நானும்தான் நெனச்சேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டா டிக்கி என்ன பண்ணும் பாவம்?” மாமாவையா ஊர் ஏழு வருடம் ஏசியது என்று கேட்டுவிட்டு அவருக்கு ஒரு பன்னைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் தலை சீவவில்லை, இருமலை அடக்கவும் இல்லை. நாலு மணிவரை அக்கா மடியில் கால் போட்டுப் படுத்திருந்தாள்.

வெளியே மெஷின் அக்கா கொக்கி மாட்டும் இரும்புத் தகட்டின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, அதை அரை விரலளவு நகர்த்தி, திரும்ப முடுக்கினார். அப்பா காலத்திலிருந்தே அந்தத் தகடு இடம் விலகித்தான் இருந்திருக்கிறது. குடும்பமே இரண்டு தலைமுறையாக ஓங்கிச் சாத்தியதெல்லாம் அதனால்தான். பழைய சமையல் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினார், கிரீஸ் தடவினார். சோப்பு அடைத்த துளைக்கு ஒரு ரப்பர் மூடி போட்டார். இரண்டு விரலால் தொட்டதும் டிக்கி சொடுக்குப் போட்ட மாதிரி மூடியது. அப்புறம் மரத்தடியில் உட்கார்ந்து, கையை மடியில் போட்டு, முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஒன்றும் செய்யாமல் இருந்தார். கூலி எவ்வளவு என்று கேட்டபோது, “அதான் குடுத்துட்டீங்களே” என்றார். தையல்காரி அவர் எண்ணெய்க் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒன்றரை வருடம் கழித்துத் தங்கை வீட்டுக்கு வந்து, காரின் பின்பாதி தன்னுடையது என்று பின்சீட்டில் உரிமையோடு படுத்துக்கொண்டாள். ஞாயிறும் அந்த வீட்டுக்கு மற்ற வீடுகளைப் போல வர ஆரம்பித்தது. ஆனால் ஒரு ஞாயிறை எப்படி மூடி வைப்பது என்பது அவர்களுக்கு இப்போது தெரியும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை டிக்கியைத் திறந்து வைத்துவிட்டுப் படுப்பார்கள். எழுந்தால் திங்கட்கிழமை. தபால்காரர் போய் இரண்டு விரலால் மூடிவிட்டு வேலைக்குப் போவார். அந்த வாரத்து வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, தங்கையையும் சேர்த்து மூன்று பேரும் மலை ஏறுவார்கள். ஞாயிறன்று வேலை பார்க்கிறவர்கள், பஸ் கண்டக்டர், பேக்கரிக்காரர், சலூன்காரர், வேறொரு ஆஸ்பத்திரியின் நர்ஸ், தங்கள் நோயாளிகளை ஞாயிறன்று பார்க்க முடியாத இப்படிப்பட்ட இருபது முப்பது பேர் வாசலில் காத்திருப்பார்கள். கார் வளைவில் திரும்பியதும் காவலாளி அவர்களை வரிசையில் நிற்கச் சொல்லி, பதிவேட்டில் புதுப் பக்கம் புரட்டி மேலே ஞாயிறு என்று எழுதிவிட்டு, “டிக்கியத் திறங்கம்மா” என்கிறார்.